வில்லோடு மான் வேட்டைக்குப் புறப்படுமுன்: வாசகர் கேள்வி – பதில்

வில்வித்தைப் பயிற்சியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மான் வேட்டையைப் பற்றிக் கேட்கின்றன. நியூசிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் படிக்கவோ குடியேறவோ சென்ற பிள்ளைகளும் உறவினர்களும் நம் குடும்பங்களில் பெருகிவிட்டதே இதற்குக் காரணமாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் வேட்டைக்கு இடமில்லை. எனினும் வேட்டைக்கான ஆயத்தத்தில் பெரும்பகுதியை இங்கிருந்தே செய்து முடிக்கலாம் என்பதாலும், ஆயத்தமில்லாமல் செல்பவரின் தவற்றுக்காகத் துன்பப்படுவது மான் என்பதாலும், இம்மாதப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நியூசிலாந்தில் குடியேறிய என் சித்தப்பா மகன் அடுத்த ஆண்டு ஏப்ரலில் வில்வேட்டைக்கு வரும்படி அழைக்கிறார். நான் இதுவரை வில்லைத் தொட்டதில்லை. ஓராண்டுப் பயிற்சி போதுமா? எதிலிருந்து தொடங்குவது?
— செம்பவாங் வாசகர்

பதில்: ஓராண்டு போதும், அந்த ஓராண்டை முழுமையாகப் பயன்படுத்தினால். கடைசி மூன்று மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணினால் போதாது. மான் வேட்டைக்குப் பொதுவாக இழுவிசை, அதாவது நாணை முழுவதும் இழுக்கத் தேவைப்படும் விசை, 50 முதல் 60 பவுண்டு உள்ள வில்லைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டம் கேட்கும் குறைந்த அளவே 40 பவுண்டு. பயிற்சி மன்றங்களில் புதியவர்களின் கையில் கொடுக்கப்படும், முனைகள் முன்புறமாக வளைந்த ரிகர்வ் வில்லின் இழுவிசை ஏறத்தாழ அதில் பாதிதான் இருக்கும். அந்த இலேசான வில்லிலேயே முதல் சில மாதங்களைக் கழியுங்கள். முதுகுத் தசைகளைக் கொண்டு இழுக்கப் பழகாமல் கையையும் தோளையும் நம்பி இழுப்பவர்கள்தாம் தோள்பட்டை வலியோடு பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

அதன் பிறகு காம்பவுண்டு வில்லுக்கு மாறலாம். 1960களில் ஹோலஸ் வில்பர் ஆலன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய இந்த வில்லின் இரு முனைகளிலும் உள்ள சக்கரங்கள், நாணை முழுவதும் இழுத்து நிறுத்திய பிறகு கையில் தாங்க வேண்டிய பாரத்தைப் பெருமளவு குறைத்துவிடுகின்றன. 60 பவுண்டு வில்லை இழுத்தபின் 9 முதல் 15 பவுண்டு வரை தாங்கினால் போதும். மான் ஒரு புதரின் பின்னால் நின்றுவிட்டால் அது அடுத்த அடியை எடுத்து வைக்கும்வரை நாணை இழுத்தபடியே காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், வேட்டைக்குச் செல்லும் புதியவருக்கு இந்த வில்லையே பரிந்துரைக்கிறேன். எத்தனை பவுண்டு உங்களுக்குப் பொருந்தும் என்பதை அறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை இலக்கை நோக்கி நேராக நீட்டியபடி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். வில்லை வானத்தை நோக்கித் தூக்கினால்தான் இழுக்க முடிகிறது என்றால் அந்த இழுவிசை உங்களுக்கு அதிகம். அப்படித் தூக்கும் அசைவை எந்த மானும் கவனிக்காமல் இருக்காது.

உங்கள் கை நீளத்துக்கு ஏற்ற இழுவை நீளத்தையும், வில்லுக்கு ஏற்ற விறைப்புள்ள அம்பையும் பயிற்சியாளரே அளந்து தேர்ந்தெடுக்கட்டும். முனையையும் சேர்த்து அம்பின் எடை 400 கிரெயின், அதாவது ஏறத்தாழ 26 கிராம், அளவில் இருப்பது நல்லது. வேகத்துக்காக அம்பை இலேசாக்கும் ஆசை புதியவர்களுக்கு வருவது இயல்பு. ஆனால் எடையுள்ள அம்பு வில்லின் ஓசையையும் குறைக்கிறது, உடலுக்குள் ஆழமாகவும் செல்கிறது.

இதுவரை சொன்னவை கருவிகளைப் பற்றியவை. பணம் கொடுத்தால் கிடைத்துவிடும். இனிச் சொல்லப்போவது உங்கள் தூரத்தைப் பற்றியது, அதை நீங்களேதான் கண்டறிய வேண்டும். மானின் இதயமும் நுரையீரல்களும் அடங்கிய பகுதி ஏறத்தாழ 20 செ.மீ. விட்டமுள்ள வட்டம். அதே அளவில் ஓர் அட்டையை வெட்டி இலக்கில் ஒட்டுங்கள். பயிற்சிக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும், உடல் சூடேறுவதற்கு முன், நீங்கள் எய்யும் முதல் அம்பை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் காட்டில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த ஓர் அம்புதான். எந்தத் தூரத்தில் அந்த முதல் அம்பு வாரக்கணக்கில் தவறாமல் அட்டைக்குள் விழுகிறதோ அதுவே உங்கள் தூரம். முதல் ஆண்டில் அது பெரும்பாலும் 20 அல்லது 25 மீட்டராக இருக்கும். இங்குள்ள திடல்களில் காம்பவுண்டு வில்லாளர்கள் போட்டிக்காக 50 மீட்டரில் எய்வதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அவர்கள் தூரம் தெரிந்த, அசையாத, 80 செ.மீ. அகலமுள்ள இலக்கை எய்கிறார்கள்.

தூரத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பை வைத்துக்கொள்வோம். மான் 25 மீட்டரில் நிற்பதாக எண்ணி வில்லில் அந்தத் தூரத்துக்கென வைத்துள்ள குறிமுள்ளால் (குறிபார்க்கும் சிறு ஊசி) குறிபார்த்து நீங்கள் எய்ய, அது உண்மையில் 30 மீட்டரில் நின்றிருந்தால், அம்பு ஏறத்தாழ 11 செ.மீ. கீழே சென்று விழும். வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புவரை உள்ள அளவே 10 செ.மீ. தான். ஆகவே லேசர் தூரமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, காத்திருக்கும் இடத்தில் அமர்ந்தவுடனேயே சுற்றியுள்ள மரங்களையும் பாறைகளையும் அளந்து மனத்தில் பதித்துவிடுங்கள், மான் வந்த பிறகு அளப்பதற்கு நேரம் இருக்காது. நியூசிலாந்தின் சரிவுகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. 30 பாகைச் சரிவில் கீழே 30 மீட்டரில் நிற்கும் மானுக்கு, 26 மீட்டருக்குரிய குறியைத்தான் வைக்க வேண்டும். அம்பின் வீழ்ச்சியைத் தீர்மானிப்பது கிடைத்தளத் தூரமே. கோணத்தையும் கணக்கிட்டுச் சொல்லும் தூரமானிகள் இப்போது கிடைக்கின்றன.

உடல் வலிமைக்கு உங்கள் வீவக புளோக்கின் படிக்கட்டுகளே போதும். வேட்டைக்கு அணியப்போகும் காலணியோடும் முதுகில் 10 கிலோ பையோடும் ஏறி இறங்கப் பழகுங்கள். புக்கிட் தீமா குன்றின் உயரம் 164 மீட்டர்தான். நியூசிலாந்து மலையில் காலை உணவுக்கு முன்பே அதைவிட அதிகமாக ஏற வேண்டியிருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது எய்து பார்ப்பதையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. வேட்டைக்குப் பயன்படும், கத்தி அலகுகள் கொண்ட பிராட்ஹெட் முனை இலக்கு மெத்தைகளைக் கிழித்துவிடும் என்பதால், பயிற்சித் திடலில் சாதாரணக் கூர்முனைகளையே பயன்படுத்துவீர்கள். அலகுகள் காற்றில் பிடிபடுவதால் பிராட்ஹெட் பொருத்திய அம்பு வேறிடத்தில் சென்று விழக்கூடும். நியூசிலாந்து சென்று இறங்கியதும் காட்டுக்குள் ஓடாமல், முதல் நாளை உங்கள் சகோதரரின் தோட்டத்திலோ பண்ணையிலோ பிராட்ஹெட்டோடு எய்து வில்லைச் சரிப்படுத்திக்கொள்ள ஒதுக்குங்கள். பயிற்சிக்கு எய்த அலகை அப்படியே வேட்டைக்கு எடுத்துச் செல்லக்கூடாது; புதிய அலகு, சவரக்கத்தியின் கூர்மையோடு இருக்க வேண்டும்.

கேள்வி: தேசிய சேவையில் குறிபார்த்துச் சுடுவதில் சிறந்தவன் என்று பெயர் வாங்கியவன் நான். அந்தப் பழக்கம் வில்வேட்டைக்குக் கைகொடுக்குமா?
— பொங்கோல் வாசகர்

பதில்: பாதி கைகொடுக்கும், மீதிப் பாதியை மறக்க வேண்டியிருக்கும். மூச்சைக் கட்டுப்படுத்துவது, விசையை வெடுக்கென இழுக்காமல் சீராக அழுத்துவது, எய்த பிறகும் நிலை குலையாமல் இருப்பது ஆகிய மூன்றும் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தவை. காம்பவுண்டு வில்லின் நாணை விடுவிக்கும் கருவியும் ஒரு விசையால்தான் இயங்குகிறது. மறக்க வேண்டியது தூரத்தைப் பற்றிய உங்கள் எண்ணத்தை. சார் 21 துப்பாக்கியின் குண்டு நொடிக்கு 900 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் செல்கிறது. அம்பு 25 மீட்டரைக் கடக்கவே கால் நொடிக்கும் சற்று அதிகமாக எடுத்துக்கொள்கிறது. நாணின் ஓசையோ அதற்கு முன்பே, நொடியில் ஏறத்தாழப் பதினான்கில் ஒரு பங்கில், மானின் காதை எட்டிவிடும். ஓசை கேட்ட மான் பாய்வதற்காக முதலில் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். அம்பு சென்று சேரும்போது அதன் முதுகு ஒரு சாண் இறங்கியிருக்கக்கூடும். எனவே, காதுகளை விறைத்துக்கொண்டு உங்கள் பக்கம் உற்றுப் பார்க்கும் மானை, அது எவ்வளவு அருகில் நின்றாலும், எய்யாதீர்கள். தலை குனிந்து மேயும் மானே உங்களுக்கு உரியது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. குண்டு தன் விசையால் எலும்பையும் நொறுக்கும். அம்பு கத்தியைப் போல் அறுத்து, பெரும்பாலும் குருதியிழப்பால் கொல்லும். ஆகவே மான் எந்தப் பக்கமாகத் திரும்பி நிற்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. விலாப்புறத்தை முழுவதும் காட்டி நிற்கும்போதும், பின்புறம் சற்று உங்கள் பக்கமாக இருக்கும்படி விலகி நிற்கும்போதும் எய்யலாம். முதல் நிலையில் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், வயிற்றுக் கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வையுங்கள்; இரண்டாம் நிலையில் அம்பு மறுபக்கத்து முன்னங்காலை நோக்கி வெளியேறும்படி குறி வையுங்கள். நேருக்கு நேர் நிற்கும் மானையும், மார்பை உங்கள் பக்கம் திருப்பியபடி சாய்வாக நிற்கும் மானையும் விட்டுவிடுங்கள். அங்கே தோள்பட்டை எலும்பு அம்பைத் தடுத்துவிடும். இடையில் ஒரு சுள்ளி இருந்தாலும் எய்ய வேண்டாம், விரல் பருமன் கிளையே அம்பைத் திசைமாற்றிவிடும்.

கேள்வி: மண்டாய்ச் சாலையோரத்தில் இரவில் பெரிய மான்களைப் பார்த்ததாக என் நண்பர்கள் கூறுகிறார்கள். சிங்கப்பூரில் மான் உண்டா? அவற்றை வைத்துத் தடம் பார்க்கப் பழகலாமா?
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: உண்டு. மிளா எனப்படும் சாம்பார் மான்கள் அவை. 1970களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பியவற்றின் வழிவந்த சிறு கூட்டம் மண்டாய்ப் பகுதியில் வாழ்கிறது. மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டில் பூனையளவே இருக்கும் சருகுமானும் உண்டு. இவற்றைக் கொல்வதோ பிடிப்பதோ மட்டுமன்று, உணவளிப்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வில்லை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் செல்வதையே நினைத்துப் பார்க்காதீர்கள். தேசியப் பூங்காக் கழகம் அனுமதித்துள்ள பாதைகளை விட்டு விலகித் தடம் தேடிச் செல்வதும் கூடாது. அந்தச் சாலைகளில் இரவில் வாகனம் ஓட்டுவோர் வேகத்தைக் குறைத்துச் செல்லுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

பழக வேண்டியது வேறொன்று இருக்கிறது. மெக்ரிட்ச்சியில் ஒரு பாதையோர இருக்கையில், விடிந்த வேளையில், கைப்பேசியை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் நகர்த்திப் பார்க்கவும், கொசு கடித்தாலும் கையை மெதுவாகவே தூக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். எய்வதைவிட இது கடினம் என்பதைச் சில நாள்களிலேயே உணர்வீர்கள்.

கேள்வி: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் படிக்கும் என் மகன், அறைத்தோழனின் குடும்பத்தோடு வில்வேட்டைக்குச் செல்லப்போவதாகச் சொல்கிறான். தாயாகிய எனக்கு அச்சமாக இருக்கிறது. அவனிடம் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?
— ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: அம்மா, உங்கள் அச்சம் நியாயமானதே, ஆனால் நீங்கள் அஞ்ச வேண்டிய இடம் வேறு. அங்கே வெண்வால் மானை வேட்டையாடுவோர் பெரும்பாலும் மரத்தில் ஐந்தாறு மீட்டர் உயரத்தில் கட்டிய பரணில் அமர்ந்து காத்திருப்பார்கள். கடும் காயங்கள் பலவற்றுக்கும் பரணிலிருந்து விழுவதே காரணமாகிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது இதுதான்: தோளையும் தொடையையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் முழுவுடல் பாதுகாப்புப் பட்டை அவனிடம் இருக்கிறதா? தரையை விட்டுக் கால் எடுத்தது முதல் மீண்டும் தரையில் கால் வைக்கும்வரை அது மரத்தோடு கட்டிய உயிர்க்கயிற்றில் இணைந்திருக்க வேண்டும், மேலே அமர்ந்த பிறகு மாட்டிக்கொண்டால் போதாது. ஏறும்போது கையில் வில் இருக்கக்கூடாது. மேலே சென்ற பிறகு ஒரு கயிற்றால் வில்லை இழுத்துக்கொள்ள வேண்டும், அம்புகள் மூடிய கூட்டுக்குள் இருக்க வேண்டும். எந்த மரத்தில் இருப்பான், எத்தனை மணிக்கு இறங்குவான் என்பது கீழே ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1960ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் பிறந்தவர்கள் மிச்சிகனில் வேட்டை உரிமம் பெற, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறியிருக்க வேண்டும். அந்த வகுப்பை ஒரு சடங்காக எண்ணாமல் நேரில் சென்று படிக்கச் சொல்லுங்கள். அங்கே வில்வேட்டைப் பருவம் அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை நடக்கும்; நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கி வேட்டைப் பருவம்; டிசம்பரில் மீண்டும் வில்லுக்கு இடம் உண்டு. முதல் முறை செல்பவனுக்கு அக்டோபரே உகந்தது. குளிர் தாங்கக்கூடியதாக இருக்கும். காட்டில் துப்பாக்கிக்காரர்களின் நெரிசலும் இராது. துப்பாக்கிப் பருவத்தில் காட்டுக்குள் செல்ல நேர்ந்தால் பளிச்சிடும் செம்மஞ்சள் நிற மேலாடை கட்டாயம். தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் இசைவு வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் விடுதி அறையில் வில் அம்பு வைத்திருப்பதைத் தடைசெய்வதால், அவற்றைத் தோழனின் வீட்டிலேயே வைத்திருக்கட்டும்.

உண்ணிக் கடியை நம்மவர்கள் பொருட்படுத்துவதில்லை. லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் அந்தப் பகுதிகளில் இருக்கின்றன. உடைகளுக்குப் பெர்மெத்ரின் மருந்து தெளித்து உலர்த்தி அணிவதும், திரும்பியதும் உடல் முழுவதையும் சோதித்துப் பார்ப்பதும் அவசியம்.

கேள்வி: மானின் மோப்பத்திலிருந்து தப்ப வாசனையற்ற சோப்பு, சிறப்பு உடை, தெளிப்பான் என்று பலவும் விற்கிறார்களே. இவற்றில் எவற்றை வாங்குவது?
— தெம்பனிஸ் வாசகர்

பதில்: வாசனையற்ற சோப்பு ஒன்றை வாங்குங்கள். மற்றவற்றுக்குச் செலவிடும் பணத்தில், காற்றின் திசையைக் காட்டும் நுண்தூள் நிரப்பிய சிறு குப்பி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் யாஹி இனத்தின் கடைசி மனிதராக அறியப்பட்ட இஷி, தமக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப்புக்கு வில்வேட்டையைக் கற்றுக்கொடுத்தார். அமெரிக்காவில் இன்றுள்ள வில்வேட்டை மரபு பெரிதும் அந்த நட்பிலிருந்து வளர்ந்தது. இஷி வேட்டைக்கு முந்தைய நாள் மீன் உண்ணமாட்டார், புகைபிடிக்கமாட்டார். விடியலில் ஓடையில் குளித்து, மணமுள்ள இலைகளை உடலில் தேய்த்துக்கொண்டு புறப்படுவார். அத்தனை கவனமுள்ளவரும் காற்றுக்கு எதிர்முகமாகவே நடந்தார். மனித மணத்தை முற்றிலும் அழிக்க எந்தப் பொருளாலும் முடியாது. மானை நோக்கி அது செல்லாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும்.

மலைப்பகுதியில் காற்று ஒரே திசையில் வீசுவதில்லை. வெயில் ஏறும் காலையில் சூடான காற்று சரிவில் மேலே எழும். மாலையில் குளிர்ந்து பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். எனவே காலையில், காற்று மேலேறத் தொடங்கியபின், மானுக்கு மேற்புறத்திலும், மாலையில் கீழ்ப்புறத்திலும் இருக்கும்படி உங்கள் இடத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நல்ல இடத்தைத் தேர்ந்துவிட்டு, காற்று மாறிய நாளிலும் ஆசையால் அங்கேயே போய் அமர்வதே இந்த வேட்டையில் மிகுதியாக நடக்கும் தவறு. ஒரு முறை மணத்தை உணர்ந்த மான் பல நாள்களுக்கு அந்தப் பக்கம் பகலில் வராது.

அந்த நல்ல இடத்தைத் தேர்வதற்கு, மான் எங்கே படுக்கிறது, எங்கே மேய்கிறது என்ற இரண்டையும் இணைக்கும் வழியைக் கண்டறிய வேண்டும். ஈர மண்ணில் குளம்புத் தடம், பளபளப்பு மாறாத புதுப் புழுக்கை, ஆண்மான் கொம்பை உரசியதால் பட்டை உரிந்த இளமரம், அழுத்தப்பட்டுக் கிடக்கும் புல் ஆகியவை அதைச் சொல்லும். மிச்சிகன் காடுகளில் ஓக் மரத்தின் கொட்டைகள் உதிரும் இடம் எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நியூசிலாந்தில் சிவப்பு மானின் இணைசேர்காலம் மார்ச் பிற்பகுதியிலும் ஏப்ரலிலும் வருகிறது. அப்போது ஆண்மான் கர்ச்சிக்கும் ஓசையே அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மற்ற வேட்டைக்காரர்களும் அதே ஓசையைப் போலி செய்து அழைப்பார்கள் என்பதை மறவாதீர்கள். ஓசையை நம்பி எய்யக்கூடாது. முழு உடலையும் கண்ணால் பார்த்து, மான்தான் என்று ஐயமற உறுதி செய்த பின்னரே நாணை இழுக்க வேண்டும்.

உடையின் நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மானின் கண்ணுக்குச் சிவப்பும் செம்மஞ்சளும் பளிச்சென்று தெரிவதில்லை. நீலம் நன்றாகத் தெரியும். நீல ஜீன்ஸைத் தவிர்த்து, வெண்மையைக் கூட்டும் பொருள் கலந்த சலவைத்தூளையும் தவிர்த்துவிட்டால் போதும்.

கேள்வி: அம்பு பட்ட மான் ஓடிவிட்டால் உடனே துரத்த வேண்டுமா?
— பிடோக் வாசகர்

பதில்: துரத்தவே கூடாது. புதியவர்கள் மானை இழப்பது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான். எய்த கணத்தில் மான் எங்கே நின்றது, கடைசியாக எந்த மரத்தருகே மறைந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அசையாமல் இருங்கள். பிறகு ஓசையின்றிச் சென்று அம்பைத் தேடி எடுங்கள். அதில் உள்ள குருதியே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும்.

நுரை கலந்த இளஞ்சிவப்புக் குருதி என்றால் அம்பு நுரையீரலைக் கடந்திருக்கிறது. மான் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள் சில நொடிகளில் விழுந்திருக்கும். அப்படியும் அரைமணி நேரம் காத்திருங்கள். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரலில் பட்டிருக்கிறது. நான்கு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பச்சை நிறமும் செரிக்காத தழையின் நாற்றமும் இருந்தால் குடலில் பட்டிருக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் விட்டுவிட வேண்டும். அந்த மான் வலியோடு அருகிலேயே எங்கோ படுத்துவிடும். நெருக்கினால் எழுந்து மைல்கணக்கில் ஓடிப் புதருக்குள் மறைந்து, யாருக்கும் பயனின்றிச் சாகும். காத்திருப்பது கொடுமையாகத் தோன்றும், ஆனால் அதன் துன்பத்துக்கு முடிவு காண்பதற்கு அதுவே பெரும்பாலும் ஒரே வழி.

பின்தொடரும்போது குருதி விழுந்த இடங்களில் எல்லாம் சிறு காகிதத் துண்டு கட்டிக்கொண்டே செல்லுங்கள். திரும்பிப் பார்த்தால் அது சென்ற போக்கு புலப்படும். தடத்தின் மேல் நடக்காமல் பக்கத்தில் நடங்கள். அம்பு இருபுறமும் துளைத்து வெளியேறியிருந்தால் தடம் தெளிவாக இருக்கும். வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையில் தொடங்கிப் புலி, மான், பன்றி, உடும்பு என ஊடுருவிச் சென்றதாகச் சங்கப் புலவர் பாடியது மிகையாகவே இருக்கட்டும். அம்பு உடலில் தங்காமல் வெளியேற வேண்டும் என்பது வேட்டுவருக்கு அன்றே தெரிந்திருந்தது. இருட்டிவிட்டாலும், மழை வந்தாலும், உடன் வந்தவர்கள் சலித்துக்கொண்டாலும் தேடலைக் கைவிடாதீர்கள். பயிற்சி பெற்ற மோப்ப நாய்களைப் பயன்படுத்த அனுமதிக்கும் இடங்களில் அவற்றின் உதவியைக் கேளுங்கள்.

கேள்வி: துப்பாக்கி இருக்கும் காலத்தில் வில்லால் கொல்வது கொடுமை இல்லையா? இதை நம் இதழ் ஊக்குவிக்கலாமா?
— புவாங்கோக் வாசகர்

பதில்: இக்கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. பிரிட்டனில் மானை வில்லால் வேட்டையாடுவது சட்டவிரோதம். ஆஸ்திரேலியாவின் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலமும் 2024 டிசம்பர் முதல் வில்வேட்டையைத் தடை செய்திருக்கிறது. காயமடைந்து தப்பும் விலங்குகளைப் பற்றிய கவலையே இத்தகைய தடைகளுக்குப் பின்னால் இருக்கிறது, அந்தக் கவலையை நான் மறுக்கவில்லை. மறுபுறம், நியூசிலாந்தில் மான்கள் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விடப்பட்டவை. அவற்றை உண்ணும் விலங்கு எதுவும் அங்கே இல்லாததால், பெருகி, காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து அழிக்கின்றன. பாதுகாப்பு நிலங்களில் வேட்டையாட அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறையே கட்டணமின்றி அனுமதி வழங்குகிறது. இறைச்சி உண்பவர் ஒருவர் அந்த இறைச்சிக்கான பொறுப்பைத் தாமே ஏற்பதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. நுரையீரலைக் கடக்கும் கூரிய அம்பு விரைந்து கொல்கிறது. தவறிய அம்பு நாள்கணக்கில் வதைக்கிறது. இரண்டுக்கும் இடையில் நிற்பது எய்பவரின் ஆயத்தமும், எய்யாமல் விடும் மனமும் மட்டுமே. 20 மீட்டரில் அட்டையைத் தவறவிடும் ஒருவர், பயணச்சீட்டு வாங்கிவிட்டேன் என்பதற்காக வில்லோடு காட்டுக்குள் செல்லக்கூடாது. அவர் கேமராவோடு செல்லட்டும், அடுத்த ஆண்டு வில்லை எடுக்கட்டும்.

கேள்வி: இறைச்சியையும் கொம்பையும் சிங்கப்பூருக்குக் கொண்டுவர முடியுமா?
— செங்காங் வாசகர்

பதில்: இறைச்சிக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பிடமும், கொம்புக்குத் தேசியப் பூங்காக் கழகத்திடமும், வில்லுக்குக் காவல்துறையிடமும், புறப்படுவதற்கு முன்பே எழுதிக் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சாங்கியில் வந்து இறங்கியபின் விளக்கம் சொல்ல முயல வேண்டாம். எளிய வழி, இறைச்சியை அங்கேயே உறவினரோடு பகிர்ந்து சமைத்து உண்பதுதான். வீழ்ந்த மானின் குடலை உடனே நீக்கி, தோலை உரித்து, காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டுக் குளிர வைத்தால் இறைச்சி கெடாது. அமெரிக்காவில் வேட்டையாடுபவர்கள், மானின் மூளையைத் தாக்கும் நாட்பட்ட நலிவு நோய் மிச்சிகனின் காட்டு மான்களிடையே 2015இல் கண்டறியப்பட்டது என்பதை நினைவில் வைத்து, நோயுள்ள வட்டாரமாக இருந்தால் தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகே உண்ண வேண்டும். நோயுள்ளதாக முடிவு வந்த மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்றே அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் அறிவுறுத்துகின்றனர். நியூசிலாந்துக்குச் செல்பவர்கள் காலணியிலும் கூடாரத்திலும் ஒட்டிய மண்ணை இங்கேயே கழுவித் துடைத்துவிட்டு, வேட்டைக்கருவிகளை வருகை அறிவிப்புப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிட வேண்டும்.